கணிதத்துக்கு யார் இறால் தருவார்?

இன்று நிலாவெளி பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். நானும், எங்கள் பெண்கள் கல்லூரியில் சுற்றாடல் கல்வி படிப்பிக்கும் வசந்தி ரீச்சரும் வரிசையில் நின்றோம்.

பழைய மாணவி ஒருத்தி ஓடிவந்து வசந்தியின் கையைப் பிடித்தாள்.

“ரீச்சர், நீங்கள் சொல்லித்தந்த மாதிரி கடலேரிக் களப்போரம் கண்டல் மரங்கள் நட்டனாங்கள். ஆமி கடலுக்குப் போகவிடாத நாளில அதுக்குள்ள இறால் பிடிச்சுத்தான் வீட்டில சோறு.”

சந்தைக்குக் கொண்டுபோன இறாலில் ஒரு பையை வசந்தியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்களும் அங்கதான் படிப்பிக்கிறனீங்களோ?”

“ஓம். உமக்குத்தான் இரண்டு வருஷம் கணிதம் படிப்பிச்சனான்.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் வயிறு எரிந்தது.

வசந்தி எனக்குப் பாதி தந்தாள். பொறாமையோடுதான் பொரித்தேன். ருசியாகவே இருந்தது.

கணித ஆசிரியர்களே, உங்களுக்கு யாராவது ஒரு நெத்தலியாவது தந்திருக்கிறார்களா?