துரை பங்களா வரைக்கும்

ரிங்லெட் டவுனிலிருந்து லோரியில் வந்த அந்தக் கித்தார்காரர், குளிரிலும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் கித்தாரின் கால் சுவிட்சை மிதிப்பார். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கல்யாணத்தில் அவருடைய வால்வு ஆம்ப், கித்தார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, திடீரென்று கரகரத்தது. அதன் பின்னால் குந்தி, பென்சிலால் ஒவ்வொரு வால்வாகத் தட்டிப் பார்த்தார். கரகரத்ததைக் கைக்குட்டையால் பிடித்துக் கழற்றினார்.

அப்போது தோட்டத் துரையின் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்தார். வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்றோம். கித்தார்காரர் எழவில்லை.

“அப்படியே கெட்டுக் கெடக்கட்டும் லா. சத்தம் துரை பங்களா வரைக்கும் கேக்குதாம்,” என்றார் கிராணி.

“அங்க கேக்கணும்னுதான்யா ரிப்பேர் பண்றேன்.”

வால்வைத் துடைத்துச் செருகினார். சுவிட்சை மிதித்தார். தகரக்கூரை அதிர்ந்தது.

அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஆனால் கிராணி நின்றுகொண்டிருக்க, நாங்கள் முதன்முதலாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.