ஆன்மாவுக்குக் கோபம் கிடையாது

பின்லாந்தில் நான் வேலை பார்க்கும் தம்பெரே நகரத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஆறு பேர் நின்றால், ஆளுக்கு ஆறடி தள்ளித்தான் நிற்பார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வராது. வந்த புதிதில், இத்தனை பேருக்குள்ளும் என்ன வரப்புத் தகராறோ என்று பயந்தேன். எங்கள் தேனிப் பக்கம் இரண்டு பேர் பேசாமல் நின்றால் அது பகை. இங்கே அது மரியாதை. இது புரிய எனக்கு எட்டு வருஷம் ஆனது. புரிந்த விதம்தான் வெட்கக்கேடு.

இங்கே நூலகத்தில் வியாழன்தோறும் மாலை ஒரு வாசிப்புக் கூட்டம், ஆங்கிலத்தில். நவபிளாட்டோனியம் என்கிற பழைய தத்துவத்தைப் படித்து, அதன்படி வாழ்ந்து பார்க்க நினைக்கும் எட்டுப் பேர். அது சொல்வது இதுதான்: எல்லாம் ஒன்றிலிருந்து பெருகி வந்தவை. நல்லொழுக்கம் என்பது அந்த ஒன்றுக்குத் திரும்பி ஏறும் படிக்கட்டு. முதல் படி, மனிதரோடு நியாயமாகவும் அடக்கமாகவும் வாழ்வது. அடுத்தது, ஆசை, கோபம் என்கிற அழுக்கைக் கழுவுவது. அதற்கும் மேலே, உள்முகமாகத் திரும்பிப் பார்த்திருப்பது. கோபம் உடம்போடு ஒட்டியது, ஆன்மாவை அது தொடாது என்று படித்த அன்று எனக்கு அப்படி ஓர் ஆறுதல். அப்பா இறந்த வருஷம் அது.

அப்பா சித்திரை வெயிலில் போனார். மூத்தவன் நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். விமானம் ரத்தாகி நடுவழியில் மாட்டிக்கொண்டேன். பழனிசெட்டிபட்டியிலிருந்து தம்பி செல்வம் போனில், "அண்ணே, கரண்டு நிக்க மாட்டேங்குது, ஐஸ் பெட்டி ஓடல. பெரியாளுக எடுத்துருவோங்கிறாக. என்ன செய்யட்டும்?" என்றான். "நான் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்று கத்தினேன். எடுத்துவிட்டார்கள்; கொள்ளி வைத்தது செல்வம். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன்.

மூன்று வருஷம். திட்டவில்லை, சண்டை இழுக்கவில்லை. பேசவே இல்லையே, பிறகு கோபம் எங்கே என்று எனக்குள் ஒரு மிதப்பு. இரண்டு படி ஏறிவிட்டேனாம்! சும்மா சொல்லக் கூடாது, வீம்புக்குத் தத்துவத்தை நன்றாகவே போர்த்திவிட்டேன்.

அவரவர் நடத்தையைத் தாமே விசாரித்து, ஒன்றைச் சபையில் சொல்வது கூட்டத்தின் வழக்கம். போன மாதம் என் முறை. "என் தம்பியும் நானும் மூன்று வருஷமாக ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. ஒரு சொல்லே பேசியதில்லை" என்றேன், பெருமையாகத்தான்.

டிராம் ஓட்டுநர் பெக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நானும் என் தம்பியும் அப்படித்தான். ஒரே படகில் பகல் முழுக்க மீன் பிடிப்போம், பேச்சே இருக்காது. அப்படி ஒரு தம்பி கிடைப்பது பாக்கியம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அட மனுஷா, என் படகில் தம்பியே இல்லையே என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

முதல் படியில் காலே வைக்கவில்லை நான். கரண்டில்லாத வீட்டில், அப்பாவின் உடம்பை வைத்துக்கொண்டு, தன்னந்தனியாக முடிவெடுத்தவன் அவன். நான் பக்கத்தில் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் பேசாமல் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியின் போனுக்கு அழைத்தேன். அவன் மனைவி ஈசுவரி எடுத்தாள். "ஆத்தாடி, அத்தானா!"

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. "சாப்பிட்டாகளான்னு கேளு."

"சாப்பிட்டேன்னு சொல்லும்மா."

"அங்கன குளிரு எப்படின்னு கேளு."

"ஏன், நீங்களே கேட்டா வாயி தேஞ்சா போயிரும்?" என்று ஈசுவரி அலுத்துக்கொண்டாள்.

அவன் காதில் வாங்கவில்லை. "அப்பா திதிக்கு வருவாகளான்னு கேளு. பொழுது சாஞ்சாலும் சரி, இந்தத் தடவ அவுக வராம இலை போட மாட்டோம்னு சொல்லு."

"வர்றேன்னு சொல்லும்மா. அன்னிக்கு அவன் செஞ்சதுதான் சரி, தப்பு எம்மேலதான்னு சொல்லு" என்றேன்.

அவள் அப்படியே சொன்னாள். பின்லாந்துச் சமையலறையில் போனும் கையுமாக நின்று, பழனிசெட்டிபட்டியில் அவன் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தேன்.