ஈரல் எப்படி இருக்கு?

ஸ்டைன்விக் மீன்கூடத்தில் கத்தி பிடிக்கும் குன்வோரிடம், "நீ இன்னும் சின்னவதானே" என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் அன்று பொழுதுக்கும் வாங்கிக் கட்டிக்கொள்வார். சிறிதாக இருப்பதெல்லாம் இளசு என்று நம்பித்தான் இந்தக் கரையே ஒரு காலத்தில் ஏமாந்தது. அந்த ஏமாற்றத்தோடு அவள் புருஷனும் போனான்.

ஹல்ஃப்டான் கெட்டவன் இல்லை. நீலப் படகு ஒன்று வைத்திருந்தான். எங்கள் ஊரில் வசந்தத்தின் முதல் காட் மீனைப் படகிலேயே கிழித்து, ஈரலை உள்ளங்கையில் ஏந்திக் கரைக்குக் காட்ட வேண்டும். "ஈரல் எப்படி?" என்று துறைமேடையில் நிற்கும் பெண்கள் கத்துவார்கள். கை கொள்ளாமல் வழிந்தால் நல்ல வருஷம். அந்த மாதத்தில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. ஈரல் எப்படி என்றுதான் கேட்பார்கள். அப்படி ஒருநாள் அவன் ஏந்திய ஈரல் மணிக்கட்டுவரை வழிந்தது. அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்தான் குன்வோர் அவனிடம் விழுந்தாள்.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் லொட்டெ காணாமல் போனது. விரல் நீளப் பொடிமீன்தான், ஆனால் காட் மீனுக்கு அதுதான் சோறு. லொட்டெ வராவிட்டாலும் காட் வந்தது. தலை மட்டும் பெரிதாக, உடம்பு காலுறைபோல் தொங்க வந்தது. வயிற்றைக் கிழித்தால் நண்டு ஓடு, இழுதுமீன், சில சமயம் காட் குஞ்சே. பட்டினி பொறுக்காத கடல்நாய்கள் கூட்டமாகக் கரையோரம் வந்து வலையில் சிக்கிச் செத்தன. ஹல்ஃப்டான் ஏந்திக் காட்டிய ஈரல் கறுத்து, சுருங்கி, விரலிடுக்கில் வழுக்கியது.

"ஏய், அது ஈரலா, உன் ஷூ கயிறா?" என்று கத்தினாள் பெரித். கூடத்தில் குன்வோருக்குப் பக்கத்து மேசைக்காரி அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹல்ஃப்டானும் சிரித்தான்.

"எல்லாம் சின்னப் பசங்க. வளராம எங்க போயிடப் போகுது?" என்றான்.

அதையே அன்றிரவு வீட்டிலும் சொன்னான். தெற்கே ஸ்டாவாங்கரில் கடல் எண்ணெய்மேடை கட்டும் இடத்தில் இரும்பு பற்றவைக்கும் வேலை கிடைத்திருந்தது.

"இந்தப் பசங்க வளந்ததும் வந்துடறேன் குன்வோர். வந்ததும் முதல்ல மொல்யெ, அப்புறம் புள்ள."

"புள்ள முதல்ல வந்தா என்னவாம்?"

"வயித்துல ஒண்ணுமில்லாம எப்படி?" என்று சிரித்துக்கொண்டே பையைக் கட்டினான்.

மீன், ஈரல், சினை மூன்றையும் வேகவைத்து ஒரே தட்டில் கொட்டித் தின்பதுதான் மொல்யெ. ஈரலில் கொழுப்பு இல்லாவிட்டால் அது வெறும் வெந்நீரும் மீனும்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் கூப்பிட்டான். "ஈரல் எப்படி இருக்கு?" என்பான். "மெலிசுதான்" என்பாள். "பசங்க வளரட்டும்" என்பான். பெரித்தும் அவளைத் தேற்றினாள்: "உனக்கென்னடி, இன்னும் சின்னவ. காத்திரு."

அப்போதுதான் ரன்வேய்க் என்ற ஆராய்ச்சிப் பெண் கூடத்துக்கு வந்தாள். மீன் தலையைப் பிளந்து, காதுக்குள் இருக்கும் பயறளவு கல்லை எடுத்து, இரண்டாக உடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதே அவள் வேலை. குன்வோர் வேடிக்கையாக எட்டிப் பார்த்தாள். வெட்டிய மரத்தில் இருப்பதுபோல் வளையங்கள். உள்ளே இருந்தவை அகலம். வெளியே போகப் போக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"குஞ்சுக்கு இத்தனை வளையமா?"

"குஞ்சா? வருஷத்துக்கு ஒரு வளையம், எண்ணிப் பாருங்க. இது கிழடுங்க. முன்னெல்லாம் நீங்க கைநீளத்துக்குப் பிடிச்சீங்களே, அதுங்களோட கூடப் பொறந்தது. தின்ன கொஞ்சமும் நீந்தறதுக்கும் உயிரப் பிடிச்சு வெச்சுக்கறதுக்குமே சரியாப் போச்சு. மிஞ்சினாத்தானே வளரும்?"

"சினை?"

"மிஞ்சலைன்னா அந்த வருஷம் அதுவும் கிடையாது."

குன்வோர் உடைமாற்றும் அறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றாள். ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு குரலைத் தின்று உயிரைப் பிடித்துவைத்திருக்கிற உடம்பு அது. கையுறையைக் கழற்றாமலே அழுதாள்.

ஆனால் ஹல்ஃப்டானிடம் சொல்லவில்லை. அந்த மீன்கள் குஞ்சுகளாக இருக்கும்வரைதானே அவன் திரும்பி வருகிறவனாக இருப்பான்? "வளர்றாங்களா?" என்று கேட்டால், "வளர்றாங்க" என்றாள். அந்த ஒரு பொய்யின்மேல் இரண்டு குளிர்காலத்தை ஓட்டினாள். படகுக்கு வண்ணம்கூட அடித்துவைத்தாள்.

ஓர் ஈஸ்டருக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. கூடுதல் வேலையாம். "பசங்க இன்னும் கொஞ்சம் வளரட்டுமே" என்று அவன் இழுத்தபோது அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அதுங்க பசங்க இல்ல ஹல்ஃப்டான்! கிழடுங்க. பசியில சிறுத்துப்போனதுங்க. வளரவே வளராது. எதுக்காகக் காத்திருக்க நீ? வந்துடு."



"அப்ப படக வித்துடு" என்றான்.

உண்மையைச் சொன்னால் காத்திருப்பதை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் காத்திருப்பதை விட்டான், வருவதையும் விட்டான். நீலப் படகைப் பெரித்தின் தம்பி வாங்கிக்கொண்டான். மறு வருஷம் ஸ்டாவாங்கரில் ஒருத்தி. அதற்கடுத்து ஒரு பெண்குழந்தை. அவன் அழுதுகொண்டேதான் சொன்னான். அதற்காகவும் அவனைத் திட்டினாள்.

அதற்குப் பிறகு லொட்டெ வந்தது. கடலே வெள்ளியாகப் புரண்டது. அவள் கிழடென்று சொன்ன அதே மீன்களில் உயிர் தப்பியவை தின்றன, தின்றன, வாயில் வால் தொங்கத் தின்றன. வளரவே வளராது என்றாளே, அவை ஒரே வருஷத்தில் தோளும் வயிறுமாகத் திரண்டு வந்தன. இன்னும் கொஞ்சகாலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று அவள் நினைக்காத நாள் கிடையாது.

இந்த வசந்தத்திலும் நீலப் படகின் முதல் மீனை, படகின் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குத் தரும் ஊர் வழக்கப்படி, பெரித் குன்வோர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஈரல் பாத்திரத்தில் வெள்ளையாக மிதந்தது; எண்ணெய் ஒரு விரல் கனத்துக்கு நின்றது. இருவரும் தட்டோடு உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. வருஷத்தில் இந்த ஒருநாள் மட்டும் ஹல்ஃப்டான் இன்னும் கூப்பிடுகிறான். மீன் கொழுத்து வந்ததைச் செய்தித்தாளில் எல்லாம் போட்டிருப்பார்கள், அவனும் படித்திருப்பான். ஆனாலும் கேட்டான்.

"ஈரல் எப்படி இருக்கு?"

குன்வோர் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"மெலிசுதான்."

"ஷூ கயிறா?"

"ஷூ கயிறுதான்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப படக வித்தது நல்லதாப் போச்சு."

"நல்லதாப் போச்சு. பொண்ணு எப்படி இருக்கா?"

"வளந்துட்டா. உன் கிட்டத்தான் சொல்லணும், போன வருஷச் சட்டை எதுவும் பத்தல."

"சரி, வெச்சுடறேன். அடுப்புல வேலை இருக்கு."

பெரித் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் பாய்ந்தாள். "அடி பைத்தியக்காரி! உன்ன இந்தக் கதிக்கு விட்டுட்டுப் போனவன். கொழுத்துக் கிடக்குன்னு சொல்லி அவன் வயிறெரிய வெச்சிருக்க வேண்டாமா?"

"அவன் ஒரு குழந்தைய வளத்துட்டிருக்கான் பெரித்" என்றாள் குன்வோர். "இருக்கறதெல்லாம் ஊர் ஏக்கத்துக்கே போயிட்டா, அதுக்கு என்ன மிஞ்சும்?"

பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் ஈரல் போடச் சொன்னாள்.