அம்மா வேஷம் போட்ட ஷபீர் பாய்

ஷபீர் பாய் போய்விட்டார். இன்று காலை... ஹார்ட் அட்டாக்காம்.

ஃபேக்டரி க்ரூப்பில் மெசேஜ் பார்த்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கிச்சனுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஆம்பூரில் நாங்கள் ஒரே டேனரி, தோல் பதனிடுகிற பக்கத்துப் பக்கத்து டிரம். ஆனால் எல்லாருக்கும் அவரைத் தெரிந்தது அம்மாவாகத்தான்.

ஃபேக்டரி ஆண்டு விழாவில் வருஷா வருஷம் ஒரே நாடகம். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊர்க்காரர் யாரோ எழுதியது. தோல் மண்டிக் குடும்பத்தில் அப்பா செத்ததும் இரண்டு பிள்ளைகளும் பாகம் பிரிக்கிற கதை. அந்தக் காலம் மாதிரியே பெண் வேஷமும் ஆண்கள்தான். தாடியை முக்காட்டில் மறைத்துக்கொண்டு விதவைத் தாயாக வருவார் பாய்.

ஒரு வருஷம் ஷிஃப்ட் முடிந்து ஓடி வந்தவர் கம் பூட்ஸைக் கழற்ற மறந்துவிட்டார். அம்மா சாகிற சீன்... போர்வைக்கு வெளியே இரண்டு கறுப்பு பூட்ஸ். மண்டபமே சிரித்தது. பாய் கண்ணைத் திறந்தார். "காலு சில்லுனு இருக்குதுடா, அதான்." சொல்லிவிட்டு மறுபடியும் செத்தார்!

சிரிப்பு வருகிறது, இந்த நேரத்தில் போய்...

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததுதான் காலையிலிருந்து மனதைக் குடைகிறது.

எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு கிடையாது. அம்மா மூன்று மாதம் என்னிடம், மூன்று மாதம் வாணியம்பாடியில் அண்ணனிடம். ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்காமல், அந்தத் தடவை நாடகம் பார்க்க வருகிற இடத்திலேயே அம்மாவை மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. டீ பிரேக்கில் பாயிடம் சொன்னேன்.

முன் வரிசையில் அம்மா, காலடியில் துணிப் பை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன்.

பாகம் பிரிக்கிற சீன். வீடு, மண்டி, கடைசியில் அம்மாவுக்கும் சீட்டு எழுதுவார்கள். பாய் தலைகுனிந்து அழ வேண்டும், அவ்வளவுதான். டயலாக்கே இல்லை.

அவர் அழவில்லை. ஸ்டேஜ் ஓரத்துக்கு வந்து நின்றார்.

"சீட்டு அப்புறம் குலுக்குங்கடா. எந்த ஊட்டுக்கும்மா போறன்னு ஒருத்தனாவது என்னைக் கேட்டீங்களா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதற்குள் எங்கள் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னாள்.

"கேக்கலியே... ஒருத்தனும் கேக்கலியே."

நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். அப்போதும் நாங்கள் கேட்கவில்லை. நாடகம் முடிந்ததும் பையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் டிரம் பக்கத்தில் சண்டைக்கே போனேன்.

"இன்னா பாய், மானத்தை வாங்கிட்டீங்களே!"

"நான் இன்னாப்பா பண்ணேன்? டயலாக் மறந்துட்டேன்."

அதற்கப்புறம் அவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவே இல்லை நான். கோபமா, வெட்கமா... சே.

இன்றும் மாற்றுகிற நாள். பை வாசலில் தயாராக இருக்கிறது. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன் வருவார்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த அம்மா போய்ட்டுதா?" என்றாள்.

இதை டைப் பண்ண உட்காருவதற்கு முன்னால்தான் கேட்டேன். முதல் தடவையாக.

"எந்த ஊட்டுக்கும்மா போற?"

"மொதல்ல பாய் ஊட்டுக்குக் கூட்டினு போ."

சாயந்திரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறார்களாம். அண்ணனையும் பாய் வீட்டுக்கே வரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறேன்.

வர்றோம் பாய்...