கோடி போட்ட பங்காளி

எழுபதுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பஞ்சம் வந்தபோது, நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளோடு கப்பலேறி மதுரைக்கு வந்தோம். தோட்டத் தமிழர்களைப் பற்றி இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு மனுப்போட வேண்டிய காலத்தில் என் மாமனார் போடவில்லை. பிறந்த மண்ணிலேயே கிடைத்துவிடும் என்று நம்பி இருந்தார். அதுவும் கிடைக்கவில்லை. எனவே நாங்கள் வந்தது விருந்தாளி பெர்மிட்டில். அங்கே இந்தியாக்காரி என்றார்கள், இங்கே சிலோன்காரி என்கிறார்கள். இரண்டு தேசமும் பேசி வைத்துக்கொண்டதோ என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

வைகைக்கு வடகரையில் ஒரு காம்பவுண்ட் வீட்டில் ஒண்டிக்கொண்டோம். மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய மனுஷர் ஒரு டீக்கடையில் டீ ஆற்றினார். பெர்மிட் முடியும்போதெல்லாம் போலீஸ் ஆபீசில் போய் நீட்டிப்புக்காக நிற்க வேண்டும். இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிட்டால் திரும்பக் கப்பல்தான். போய் எங்கே இறங்குவது? வரிசையாகக் கட்டிய தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டில் வேறு குடும்பம் குடியேறியாகிவிட்டது.

குடியுரிமைக்கு ஒரே வழி சொன்னார்கள். பாட்டன் பிறந்த ஊரில், இவர் இன்னாருடைய வம்சம் என்று கிராம முன்சீப் எழுதித் தர வேண்டும். முன்சீப் எழுத வேண்டுமென்றால் பங்காளி ஒருவர் வந்து, ஆமாம் என்று வாயால் சொல்ல வேண்டும்.

அந்த ஊர் மேலூர் தாண்டி இருந்தது. என் வீட்டுக்காரருடைய பாட்டனின் அண்ணன் அப்போதும் உயிரோடு இருந்தார். கண் தெரியாது. இவர் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என் தம்பி மூக்குதான் என்று அழுதார். அறுப்பு முடிந்ததும் முன்சீப்பிடம் வந்து சொல்கிறேன் என்றார். அவருடைய மகன், என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இவருடைய பாட்டன் பங்கு நிலத்தையும் சேர்த்து அவர்தான் உழுதுகொண்டிருந்தார். நிலம் வேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்று நாங்கள் தலையில் அடித்துச் சொன்னோம். பூனை பாலுக்கு வரவில்லை என்று சொன்னால் எவன் நம்புவான்?

அறுப்புக்கு முன்பே கிழவர் போய்விட்டார். கேதம் கேள்விப்பட்டு ஓடினோம். போகிற வழியில் மேலூரில் இறங்கி, என் வீட்டுக்காரர் பிணத்துக்குப் போர்த்த நல்லதாக ஒரு கோடி வேட்டியும் மாலையும் வாங்கினார். நானும்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் லயத்தில் யார் செத்தாலும் யார் வேண்டுமானாலும் கோடி போடுவோம். சனத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு அங்கே ஏது மாமன், ஏது பங்காளி? லயத்து அறையைக் காம்பரா என்போம்; பக்கத்துக் காம்பராக்காரன்தான் எல்லா முறையும்.

இங்கே அப்படி இல்லை. கோடி போடுவது பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும். பங்காளி வெறுங்கையோடு வருவான், நீர்மாலைக்குக் குடம் தூக்குவான். அந்தத் தண்ணீரில்தான் பிணத்தைக் குளிப்பாட்டுவார்கள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் பிணத்தருகே போய்ப் பயபக்தியோடு கோடியைப் போர்த்தினார். நீர்மாலைக்குப் போகிறவர்களோடு அவரும் எழுந்தபோது, பெரியப்பாவின் மகன் குறுக்கே கையை நீட்டித் தடுத்தான். நான் பெண்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து கேட்க எனக்கு அங்கே என்ன முறை இருந்தது?

காரியம் முடிந்த பிறகு முன்சீப்பிடம் போனோம். நல்ல மனுஷர்தான், உட்காரச் சொன்னார்.

"ஊரு பாக்கத்தானப்பா கோடி போட்ட. இனி பங்காளின்னு நான் எப்படி எழுதுறது?"

தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். பெரியப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அதற்கப்புறம் எத்தனை வருஷம். கிராம முன்சீப் என்ற வேலையையே எடுத்துவிட்டார்கள். புதிதாக வந்த அதிகாரியும் பங்காளியைக் கூட்டி வா என்றார். திருச்சியில் என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போவதென்றாலும் போலீசில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ரேஷன் கார்டு கிடையாது. ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டுதான் திறப்பார். கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டார்களோ என்று பயம். அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும், திட்டித் தீர்ப்பேன். திட்டாமல் வேறென்ன செய்ய?

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் காலையில், கடையில் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஊருக்கு யார் சொல்லி அனுப்பினார்களோ, மத்தியானம் பெரியப்பா தன் மகன்களோடு வந்து இறங்கினார். உள்ளே வந்து தலைமாட்டில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர்கள் யார் கையிலும் ஒன்றும் இல்லை.

"வெறுங்கையோடவா வந்தீக மாமா? ஒரு கோடி எடுத்தாரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"என்ன தாயி பேசுற. பங்காளி எங்கயாச்சும் கோடி கொண்டாருவானா?"

காம்பவுண்டே கேட்டது. கதவை மறித்து, நீங்கள் குடம் தூக்க வேண்டாம், போங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் கிடப்பது என் புருஷன். அன்றைக்கு அந்தக் குடத்துக்காக எழுந்து நின்ற மனுஷர். இவர்கள் தூக்காவிட்டால் அவருக்கு யார் தூக்குவார்கள்?

"இன்னொருக்கச் சத்தமாச் சொல்லுங்க மாமா," என்றேன். "அவரு காதுல விழட்டும்."

அவர் குனிந்து குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.