பதில் தட்டாத சனிக்கிழமை

இது நடந்தது. சுவிஸின் பீல் நகரில், போன பனிக்காலத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. பேய் என்று ஆர் வந்து சொன்னாலும், சொன்ன விலையில் பாதியைக் குறைத்துத்தான் குகநாதன் வாங்குவார். கோயிலில் உருவந்து ஆடியவரிடமே, "கெதியா ஆடி முடியுங்கோ, கடைசி பஸ் போகப்போகுது" என்று சொன்ன மனிதர். அவர்தான் இன்றைக்குத் தன் வீட்டு ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டியை வைத்திருக்கிறார். அதை ஒருவரும் எடுக்கக்கூடாது. கழுவக்கூடாது.

குகநாதனுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பது ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. லிஃப்ட் இல்லை. தரைத்தளத்தில் மில்டா என்ற லாத்வியக் கிழவி தனியே இருந்தார். தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டதால் இரண்டு வருடமாக ஒரு படிகூட ஏறியதில்லை.

இருவருக்கும் நடுவில் பண்டமாற்று ஒன்று நடக்கும். பண்டம், யுத்தம். மில்டா சிறுமியாக இருந்தது லாத்வியாவில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில். குகநாதன் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். மில்டாவின் பழைய ஜெர்மனிலும் இவருடைய அரைகுறை ஜெர்மனிலும் பேரம் சூடு பிடிக்கும்.

"எங்களுக்குக் கரண்ட் இரவில் ஒரு மணித்தியாலம்," என்பார் மில்டா.

"எங்களுக்கு அஞ்சு வருசம் கரண்டே இல்லை."

"பீட்ரூட்டைக் குடைந்து, கொழுப்பு ஊற்றி, திரி போட்டு விளக்கு."

"ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சு, மண்ணெண்ணெய் சொட்டு விட்டு விளக்கு. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ."

"சைக்கிளா? எங்கள் சைக்கிள்களைப் படைக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். சரி, நீ வென்றாய். கோப்பி குடி."

குகநாதனின் மனைவி சிவகலா இதைக் கேட்டு, "ரெண்டு பேரும் குண்டுக்குக் கடை போட்டிருக்கிறியள், வாங்கிறதுக்குத்தான் ஆளில்லை" என்பார்.

ஒரே ஒரு சரக்குக்கு மட்டும் குகநாதனிடம் எதிர்விலை இல்லை. தண்ணீர்க் குழாய்.

மில்டாவின் ஊரில் தண்ணீர் நிலையத்தின் மேல் குண்டு விழுந்ததும் குழாய்களெல்லாம் வற்றிப்போயின. சனம் வாளியோடு ஆற்றுக்கு ஓடியது. ஆனால் வெறுங்குழாய் சத்தத்தை நன்றாகக் கடத்தும். தெருவில் நிலவறைக்கு நிலவறை ஒளித்திருந்தவர்கள் அந்தக் குழாயில் தட்டிக் கதைத்தார்கள். மூன்று தட்டு என்றால், நாங்கள் இருக்கிறோம், நீங்கள்? இரண்டு தட்டு என்றால், நாங்களும் இருக்கிறோம்.

"பதில் வராட்டி?" என்று கேட்டார் குகநாதன்.

"பதில் வராத வீட்டுக்கு மண் அள்ளும் சவளோடு ஆள் போகும். மண்ணைத் தோண்டி ஆளை எடுக்க. குண்டு விழுந்தாலும் போகவேண்டும். தட்டியவர்தான் போகவேண்டும். அதுதான் எங்கள் தெருவின் சட்டம்."



பிறகு ஒருநாள் மில்டா குளியலறையில் விழுந்தார். கனநேரம் கிடந்திருக்கிறார். அப்போது குகநாதன்தான் ஒரு திட்டம் சொன்னது. ஹீட்டர் குழாய் மில்டா சமைக்கிற குசினியிலிருந்து நேரே மேலேறி இவருடைய ஹோலுக்கு வருகிறது. வேலை முடிந்து இவர் படியேறும் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் மில்டா கரண்டியால் மூன்று தட்டுவார். இவர் இரண்டு தட்டுவார். "உங்கட காதலி கூப்பிடுறா, ஓடுங்கோ" என்று சிவகலா பகிடி பண்ணுவார். வெளியூர் போவதென்றால் முதல்நாளே கீழே போய்ச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அந்தக் கிழமை சொல்லவில்லை.

சிவகலா மகளின் பிள்ளைப்பேற்றுக்கு எம்மன்புரூக்கே என்ற ஊருக்குப் போயிருந்தார். புதன் இரவு கூட்டாளி தவராஜா இன்டர்லாக்கனிலிருந்து போன் எடுத்தார். "அண்ணை, ஹோட்டல் குசினியில ரெண்டு பேர் காய்ச்சலெண்டு படுத்திட்டாங்கள். வந்து கைகுடுங்கோ." தொழிற்சாலைக்கு லீவு சொன்னார். வியாழன் விடிய முதல் ரயில். மில்டாவின் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. மணியை அடித்தால் கோப்பி, கதை, ரயில் போய்விடும். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

நினைத்ததோடு நிற்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். காலுறையோடு அந்தக் கதவைத் தாண்டிப் போனார்.

சனி மதியம் திரும்பி வந்தபோதும் அப்படித்தான். சப்பாத்து கையில். மூச்சு நெஞ்சுக்குள். ஒரு கிழவிக்கு ஒளிந்து தன் வீட்டுக்கே களவாக வருகிறேனே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒளிந்தார். சட்டி கழுவிய கை வலித்தது. சோபாவில் சாய்ந்தார்.

நாலு மணிக்குக் குழாய் தட்டியது.

டொக்... டொக்... டொக்.

கரண்டி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இப்போது தட்டினால், எங்கே போனாய், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். வா என்பார். நாளைக்குப் பார்ப்போம். குகநாதன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

டொக்... டொக்... டொக்.

முதல் தட்டைவிட மெதுவாக. பொறுமையாக.

இன்னும் கூட்டினார்.

மூன்றாம் முறையும் வந்தது. பிறகு நின்றது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அந்த அப்பாடாவைத்தான் இன்றுவரை அவரால் மறக்க முடியவில்லை.

கீழே ஒரு கதவு திறந்தது.

டிவியைத் தாண்டி அது எப்படிக் கேட்டதென்று தெரியாது. டிவியை நிறுத்தினார். படியில் யாரோ ஏறுகிறார்கள். செருப்பு இழுபடும் சத்தம். அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். கற்படியில் இரும்பு உரசுகிற சத்தம்.

சர்ர்க்... ஒரு படி.

சர்ர்க்... இன்னொரு படி.

மில்டாவால் படி ஏற ஏலாது. அது இவருக்குத் தெரியும்.

முதல் மாடி தாண்டியது. அங்கே நிற்கும் என்று நினைத்தார். நிற்கவில்லை.

அவருடைய கதவுக்கு முன்னால் வந்து நின்றது.

மணி அடிக்கவில்லை. கதவில் மூன்று தட்டு. மரக்கதவுதான். ஆனால் குழாயில் தட்டியதுபோலக் கேட்டது.

கதவுக் கண்ணாடியில் கண்ணை வைத்தார். ஆள் அசைந்தால் தானாக எரிகிற படிவிளக்கு எரியவில்லை. மங்கல் இருட்டு. ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லாத இடத்தில்... மூச்சு வாங்கும் சத்தம்.

பிறகு கதவின் அடியில்.

சர்ர்க்...

சர்ர்க்...

தோண்டுகிறார்கள்.

இவரை எடுக்க.

குகநாதன் விழுந்தடித்து ஓடிக் கரண்டியை எடுத்தார். குழாயில் அடித்தார். இரண்டு.

தோண்டுவது நின்றது.

அவ்வளவுதான். இறங்கிப்போகும் சத்தம்கூட இல்லை.

கதவைத் திறக்க அவருக்குக் கனநேரம் பிடித்தது. கால்மிதியில் ஒரு பிடி கறுப்பு மண். வெளியே முழங்கால் அளவு பனி. மண் எங்கிருந்து வரும்?

மில்டாவின் கதவு பூட்டியிருந்தது. அவர் கொடுத்து வைத்திருந்த திறப்பால் திறந்தார். குசினித் தரையில், குழாயில் முதுகைச் சாய்த்து இருந்தார் மில்டா. கையில் கரண்டி. தொட்டபோது குளிர்ந்திருந்தார்.

பொலிஸ் வந்தது, டாக்டர் வந்தார். குகநாதனிடம் ஏன் வந்து பார்த்தீர்கள் என்று கேட்டார்கள்.

"தட்டுற சத்தம் கேக்கேல்லை. அதுதான் வந்து பாத்தனான்."

நல்ல அயலவர் என்று பொலிஸ்காரர் கைகொடுத்தார். குகநாதனும் கொடுத்தார்.

டாக்டர் எழுதியது, வியாழன் பின்னேரம் இறந்திருக்கிறார் என்று. சனிக்கிழமை தட்டியது ஆர் என்று குகநாதன் ஒருவரையும் கேட்கவில்லை. சிவகலாவிடம் மட்டும் சொன்னார். சிவகலா கதவின் அடியைத் தடவிப் பார்த்தார். பெயின்ற் உரிந்து மரம் தெரிந்தது. "மண்ணை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். வெளியே கொட்டியதாகச் சொன்னார். அன்றைக்குச் சிவகலா பகிடி பண்ணவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் குகநாதன் எப்படியோ சமாளித்திருப்பார்.

செத்தவீட்டன்று நாலு பேர்தான் வந்தார்கள். முதலாம் மாடி மதாம் அன்னெட்டும் வந்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிறவர், பகலில் தூங்குகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவீடு. குழாய் அவருடைய படுக்கையறையையும் தாண்டித்தான் போகிறது. அவர் குகநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை உங்களைத் திட்டினேன். மன்னியுங்கள்."

"என்னையா?"

"பின்னேரம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். தூங்கவே முடியவில்லை. கீழே மூன்று, மேலே இரண்டு. கீழே மூன்று, மேலே இரண்டு. முறைப்பாடு சொல்ல எழும்பினேன். பிறகு கீழே தட்டுவது மெலிந்துகொண்டே போனது. அப்புறம் நின்றுவிட்டது."

வியாழன் பின்னேரம் குகநாதன் இன்டர்லாக்கனில் முழங்கை வரை சவர்க்கார நுரைக்குள் நின்றார். சிவகலா எம்மன்புரூக்கேயில். வீட்டுத் திறப்பு இவருடைய பொக்கற்றுக்குள்.

மதாம் அன்னெட் கண்ணைத் துடைத்தார்.

"அவர் நிறுத்தின பிறகும் நீங்கள் நிறுத்தவில்லையே. தனியாக, இருட்டும் வரைக்கும். இரண்டு... இரண்டு... இரண்டு... அவர் தனியாகச் சாகவில்லை, குகநாதன். நீங்கள் கூட இருந்தீர்கள். நன்றி."

அது நான் இல்லை என்று சொல்ல வாய் திறந்தார். அப்போது அந்தக் காலுறைகள் நினைவுக்கு வந்தன. கையில் பிடித்த சப்பாத்து நினைவுக்கு வந்தது.

குகநாதன் தலையை ஆட்டினார். அந்த நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.