சர்வருக்கு மாலை போட்ட நாள்

எண்ணூர் கரையோரக் கம்பங்களில் தொங்கும் பெட்டிகளுக்கு மூக்கு உண்டு, வாய் கிடையாது. தொழிற்சாலைப் பக்கமிருந்து விஷவாயு கசிந்தால் மோப்பம் பிடித்து ராயபுரம் ஆபீசிலிருக்கும் சர்வரிடம் சொல்லும். அது உத்தரவு போட்டால்தான் குப்பத்துச் சைரன் ஊதும். மேலிடத்தைக் கேட்காமல் கத்துவது நம்மூர் வழக்கமில்லையே.

பெட்டிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனியில் டெபோராவுக்கு வேலை. புது சர்வர் வந்ததும் பெட்டிகளை அதற்கு மாற்றுகிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. ஏற்பாடு எளிது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய சர்வரைக் கூப்பிடும்போது, "இனிமே அங்க பேசு" என்று அது புது முகவரியைக் கொடுத்துவிடும். கடைசிப் பெட்டி கூப்பிடும்வரை பழையதை அணைக்கக் கூடாது. அதை அட்டையில் எழுதி சர்வர் நெற்றியிலேயே ஒட்டியிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. மேலாளர் ரகுபதி அந்த அட்டை மேலேயே சந்தனம் குங்குமம் வைத்து, பழைய சர்வரை நிறுத்தி, மாலை போட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போய்விட்டார்.

டெபோரா போனில் கிட்டத்தட்ட அழுதாள். "சார், பாதிப் பெட்டி இன்னும் மாறல. எடுக்க ஆளில்லாத நம்பரைக் கூப்ட்டுகினே கீது."

"ஆயுதத்துக்கு ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா? நாளைக்குப் புனர்பூஜை பண்ணிட்டுத்தாம்மா தொடணும்."

"அதுக்குள்ள காஸ் லீக்கானா?"

"ஸ்க்ரீன்ல எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

பச்சைதான். கெட்ட சேதி வராதவரை பச்சை காட்டும் திரை அது. செத்தவன் புகார் கொடுக்கவில்லை என்றால் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்ளும் ரகம்.

ஒவ்வொரு கம்பமாக ஏறி, பெட்டியில் லேப்டாப்பைச் சொருகிப் புது முகவரியைப் போடுவதுதான் மிச்ச வழி. டெபோரா முதல் கம்பத்தை முடித்தபோது கடல்காற்று நின்று, தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று அடிக்கத் தொடங்கியது. மிச்சக் கம்பங்கள் கரைநெடுக நின்றன.

கீழே மீன்காரி குப்பம்மா அண்ணாந்து பார்த்தாள். "இன்னாமே, லீவு நாள்ல கம்பத்துல தொங்கினுகீற?"

பொதுமக்களிடம் எதையும் சொல்லக் கூடாது, பீதி கிளம்பும் என்பது கம்பெனிச் சட்டம். டெபோரா சொல்லிவிட்டாள். "யக்கா, இன்னிக்கு சைரன் ஊதாது."

"ஊதலன்னா நல்லதுதான?"

"காஸ் வந்தாலும் ஊதாதுக்கா."

குப்பம்மா கூடையை இறக்கி வைத்தாள். "வூட்ல புள்ளைங்க தூங்கினுகீதுங்கடி! எறங்கு மொதல்ல. நான் சொன்னா எவன் நம்புவான்? ஆட்டோ ஸ்டாண்டுல பூஜை மைக் கீது, நீயே சொல்லு."

பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை நீட்டினார்கள். டெபோரா விஷயத்தைச் சொன்னாள். அவள் இரண்டாவது கம்பத்தில் ஏறுவதற்குள், தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் குப்பத்தை விட்டு நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

போன் அடித்தது. அதற்குள் சேதி காஞ்சிபுரம் போயிருந்தது. ரகுபதி. "மைக்ல பேசினது நீயா? உனக்கு வேலை வேணாமா?"

"வேணும் சார். அதத்தான் பாத்துகினுகீறேன்," என்றாள் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி.